ஆரோக்கியப்பச்சையும் ஹூடியாவும்: நடைவழிச் செடிகள் இரண்டு, ஒப்பந்தங்கள் இரண்டு

1987-ஆம் ஆண்டு, அகத்தியமலைச் சரிவில் ஏறிக்கொண்டிருந்த தாவரவியலாளர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளாக உடன் வந்த, காணி என்ற மலைப்பழங்குடியைச் சேர்ந்த இளைஞர்களோ ஏதோ ஒரு சிறிய காயை அவ்வப்போது வாயில் போட்டு மென்றபடி, களைப்பின் சாயலே இல்லாமல் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொடுத்த காயைத் தின்ற ஆய்வாளர்கள் தங்கள் உடலிலும் புதுத் தெம்பு ஏறுவதை உணர்ந்து, அது எந்தச் செடியின் காய் என்று கேட்டார்கள். பதில் எளிதில் வரவில்லை. அது குலத்துக்கு வெளியே சொல்லக்கூடாத செய்தி. மீண்டும் மீண்டும் கேட்ட பிறகு, வழிகாட்டிகள் காட்டின் அடித்தளத்தில் நிலத்தோடு ஒட்டி வளர்ந்திருந்த ஒரு சிறு செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற பெயர் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது இப்படித்தான்.

இதே போன்ற ஒரு செடி தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களில் இருக்கிறது. ஹூடியா என்பது அதன் தாவரவியல் பெயர். வேட்டைக்காக நாள்கணக்கில் நடக்கும் அந்நிலங்களின் பழங்குடிகளான சான் மக்கள், அதன் தண்டில் ஒரு துண்டை வெட்டி, கத்தியால் முட்களைச் சீவி எறிந்துவிட்டு, சாறு நிறைந்த கசப்பான சதையை மென்று பசியையும் தாகத்தையும் அடக்கிக்கொள்வார்கள். அந்தச் செடியும் ஆய்வகத்துக்குப் போனது, காப்புரிமை ஆனது, கடைச்சரக்கும் ஆனது. பழங்குடி மக்களின் அறிவுக்கு ஈடாக அவர்களுக்கு என்ன தரப்பட்டது என்று பேசப்படும் இடங்களில் எல்லாம் இந்த இரண்டு செடிகளின் பெயரும் சேர்ந்தே அடிபடுகிறது. ஆனால் இரண்டு ஒப்பந்தங்களும் அடிப்படையிலேயே வேறானவை. எது மேல் என்பதைத் தலைப்புச் செய்திகளை வைத்து அல்லாமல், விவரங்களை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செடிகள். ஆரோக்கியப்பச்சை நிழலும் ஈரமும் இல்லாமல் வாழாது. காட்டு வள்ளிக்கிழங்குகளின் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு இதய வடிவ இலையும், தரைக்கு அருகிலேயே மலரும் சிறிய பூவும் உண்டு. ஹூடியா இதற்கு நேர் எதிர். வெயில் கொளுத்தும் கல்தரையில் நிமிர்ந்து நிற்கும் அதைப் பார்த்தவர்கள் கள்ளி என்றே நினைப்பார்கள். உண்மையில் அது நம் ஊர் எருக்கின் குடும்பம். பூ அழுகிய இறைச்சியைப் போல நாறும், ஈக்கள் வந்து மகரந்தச் சேர்க்கை செய்யும். நம்முடைய வறண்ட குன்றுகளில் முளைக்கும், துவையல் அரைத்துச் சாப்பிடப்படும் கள்ளிமுளையானும் இதற்கு நெருங்கிய உறவு என்பதால், ஹூடியாவின் கதை தமிழ் வாசகருக்கு அவ்வளவு அந்நியமானதும் அல்ல.

பயன்பாட்டிலும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. காணி மக்கள் காயைத் தின்பது உடலுக்குத் தெம்பு கூட்டுவதற்காக; சான் மக்கள் தண்டைத் தின்பது பசியை அடக்குவதற்காக. முதலாவது இருக்கும் வலிமையை நீட்டிக்கிறது, இரண்டாவது இல்லாத உணவின் இடத்தை நிரப்புகிறது. இரண்டுமே உணவா மருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாதவை. காட்டிலும் பாலைவனத்திலும் நடப்பவருக்கு அந்தப் பிரிவினை தேவைப்படுவதும் இல்லை. அதைக் கட்டாயமாக்கியவை ஆய்வகமும் சந்தையும்தான்: ஆரோக்கியப்பச்சை 'களைப்பு நீக்கும் மருந்து' ஆனது, ஹூடியா 'உடல் எடை குறைக்கும் பொருள்' ஆனது. பட்டினியோடு மான் தடத்தைப் பின்தொடர்ந்து நடப்பவரின் உணவு, அளவுக்கு மீறி உண்டவர்களுக்கான சரக்காக மாற்றப்பட்டதை என்னால் அமைதியாக எழுத இயலவில்லை.

இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், முனைவர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆரோக்கியப்பச்சையை ஆராய்ந்தது. காணி மக்கள் தின்றது காயை. ஆய்வில் இலையிலும் அந்தக் குணம் இருப்பது தெரிந்தது. இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாக்கப்பட்டது. அதைத் தயாரிக்கும் உரிமம் 1990-களின் நடுவில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஓர் ஆயுர்வேத மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீத உரிமத்தொகைக்கும் வழங்கப்பட்டது. இந்த வருவாயில் சரிபாதி காணி மக்களுக்கு என்று நிறுவனமே முடிவு செய்தது. இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-இல்தான். எந்தச் சட்டமும் வற்புறுத்தாத காலத்தில் எடுக்கப்பட்ட இம்முடிவை, குறைகளை எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், நான் மதிக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. அங்குள்ள அறிவியல், தொழில் ஆய்வு மன்றம் 1960-களிலேயே காட்டு உணவுத் தாவரங்களை ஆராயத் தொடங்கியது. ஹூடியாவில் பசியை அடக்கும் கூறுக்கு 1995-இல் காப்புரிமை கோரிய அது, 1997-இல் பிரிட்டனின் ஃபைட்டோஃபார்ம் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அடுத்த ஆண்டே அந்த உரிமம் ஃபைசர் நிறுவனத்தின் கைக்குப் போனது. இவ்வளவு நடந்தபோதும் சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. 2001-இல் பத்திரிகைகள் இதை வெளிக்கொணர்ந்தபோது, அந்த மக்கள் அழிந்துபோய்விட்டதாக எண்ணியிருந்தோம் என்று பிரிட்டிஷ் நிறுவனத்தின் தரப்பில் சொல்லப்பட்டது. அப்போது ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் சான் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தங்கள் அமைப்புகளின் வழியாகவும் வழக்கறிஞர் ரோஜர் செனல்ஸின் துணையோடும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்த அவர்கள், 2002-இல் புரிந்துணர்வையும் 2003 மார்ச்சில் முழு ஒப்பந்தத்தையும் பெற்றார்கள்: ஆய்வு ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் ஆய்வு மன்றத்துக்கு வரும் தொகைகளில் 8 சதவீதம், உரிமத்தொகையில் 6 சதவீதம்.

பலரும் இங்கேதான் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 2 சதவீதத்தையும் 6 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து, சான் மக்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். காணி ஒப்பந்தத்தில் 2 சதவீதம் என்பது மருந்து விற்பனையில் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வருவது. அதில் பாதி காணி மக்களுக்கு. அதாவது நிறுவனத்தின் கைக்கு வரும் நூறு ரூபாயில் ஐம்பது. சான் ஒப்பந்தத்தில் 6 சதவீதம் என்பது விற்பனையில் அல்ல, ஆய்வு மன்றத்துக்கு வந்து சேரும் உரிமத்தொகையில். அதாவது மன்றத்தின் கைக்கு வரும் நூற்றில் ஆறு. அந்த நூறும் கைமாறிக் கைமாறிக் குறைந்த பிறகு மிஞ்சியது. அறிவைக் கொடுத்தவருக்கும் ஆராய்ந்தவருக்கும் இடையே பங்கு பிரித்த நேர்மையை மட்டும் அளந்தால், காணி ஏற்பாடு வெகு தூரம் முன்னே நிற்கிறது.

ஆனால் பேச்சுரிமையை அளந்தால் தராசு மறுபுறம் சாய்கிறது. ஜீவனி உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இருவர்: நிறுவனமும் மருந்து உற்பத்தியாளரும். காணி மக்கள் அதில் ஒரு தரப்பே அல்ல. பணத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்பதால், கேரள காணி சமுதாய க்ஷேம அறக்கட்டளை 1997-இல்தான் பதிவானது. அதன் பிறகே, 1999-இல், அதன் கணக்குக்கு 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை போய்ச் சேர்ந்தது. காணி மக்களின் மருத்துவர்களான பிலாத்திகள் பலருக்கு இதில் வருத்தம் உண்டு. மருந்தறிவைக் காத்துவரும் பொறுப்பு அவர்களுடையது. செடியைக் காட்டியவர்களோ இளம் வழிகாட்டிகள். யாருடைய அறிவு, யார் கொடுக்கலாம் என்ற கேள்வியை மூத்தோரிடம் கேட்கும் முன்பே செடி காட்டிலிருந்து ஆய்வகத்துக்குப் போய்விட்டது. சான் மக்கள் தாமதமாகவே வந்தார்கள் என்றாலும், எதிரில் அமர்ந்து பேசி, தங்கள் பெயரில் கையெழுத்திட்டு வாங்கினார்கள். கொடுப்பவரின் நல்ல மனத்தால் வரும் பங்கு அவர் மாறினால் நின்றுவிடக்கூடும்; ஒப்பந்தத் தரப்பாக நின்று பெற்ற பங்குக்கு அந்த அச்சம் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே, வடிவம் என்ற அளவில் நான் சான் ஒப்பந்தத்தைத் தேர்வேன்.

விளைவு என்ன ஆனது? ஹூடியாவிலிருந்து பெருஞ்செல்வம் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது, வரவில்லை. ஃபைசர் 2003-இல் விலகியது. 2004-இல் உள்ளே வந்த யூனிலீவர் 2008-இல் கைவிட்டது. பின்னர் வெளியான ஆய்வு முடிவு காரணத்தைச் சொல்கிறது: 15 நாள்கள் ஹூடியாச் சாற்றை உட்கொண்டவர்களின் உணவளவும் எடையும் மற்றவர்களோடு ஒப்பிடக் குறிப்பிடும்படி குறையவில்லை, மாறாகக் குமட்டல், வாந்தி, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை தெரிந்தன. இதைக் கொண்டு சான் மக்களின் அறிவு பொய் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. அவர்கள் தின்றது பறித்த உடனே, பசித்த வயிற்றில், நடையின் நடுவே, ஒரு துண்டு மட்டும். ஆய்வில் கொடுக்கப்பட்டது செறிவூட்டிய சாறு, நாள்தோறும், வயிறார உண்பவர்களுக்கு. செடியின் வேதிப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, எவ்வளவு, எப்போது, எந்த நிலையில் என்ற பாதி அறிவைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஆரோக்கியப்பச்சையில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக எழவில்லை என்றாலும், காயைத் தின்னும் வழக்கத்தை இலைப்பொடியாக மாற்றியபோது அங்கும் ஒரு பகுதி கைநழுவியது.

இதற்கிடையில் போலிச் சரக்கு பெருகியது. அமெரிக்கச் சந்தையில் ஹூடியா என்ற பெயரில் விற்ற மாத்திரைகள் பலவற்றில் ஹூடியாவே இல்லை. இருந்தவற்றுக்காகக் காட்டுச் செடிகள் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. அதனால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2004-இல் ஹூடியா சேர்க்கப்பட்டது. தண்டை வெட்டினால் செடி மீண்டும் துளிர்க்கும், ஆனால் மெதுவாக; பாலைவனச் செடியின் வளர்ச்சி சந்தையின் அவசரத்துக்கு ஈடுகொடுக்காது.

அகத்தியமலையில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. இலையை மட்டும் பறித்தால் செடி பிழைக்கும், மீண்டும் இலை விடும். அந்த வகையில் ஆரோக்கியப்பச்சை ஹூடியாவை விட வணிகத்துக்கு ஏற்றது. ஆனால் இயற்கையான காட்டு நிழலில் வளர்ந்தால்தான் அதன் குணம் முழுமையாக இருக்கும் என்று கருதப்பட்டதால், காணிக் குடியிருப்புகளை ஒட்டியே பயிரிட வேண்டியிருந்தது. அப்படிப் பயிரிட்ட குடும்பங்களுக்கு வனத்துறை தடை சொன்னது. பயிர் என்ற பெயரில் காட்டுச் செடிகளே பிடுங்கி விற்கப்படும் என்பது துறையின் அச்சம். அந்த அச்சத்துக்கு முகாந்திரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் செடியை உலகுக்குக் காட்டிய மக்களே அதன் இலையைப் பறிக்க அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது என்பதையும், இலை கிடைக்காமல் மருந்து உற்பத்தி தடுமாறியபோது அவர்களுக்கு வர வேண்டிய பங்கும் அதோடு சேர்ந்து சுருங்கியது என்பதையும் எந்தச் சதவீதக் கணக்கும் காட்டாது.

இந்த இடத்தில் சான் மக்களின் வரலாற்றோடு ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. அவர்களுள் கோமானி பிரிவினர் 1999-இல் நிலமீட்புக் கோரிக்கையில் வென்று சுமார் 40,000 ஹெக்டேர் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஹூடியாப் பேச்சுவார்த்தையில் அவர்களின் குரல் எடுபட்டதற்கு, நிலத்துக்காக நடத்திய அந்தப் போராட்டத்தில் உருவான அமைப்பும் சட்டத்துணையும் முன்பே கையில் இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. காணி மக்களுக்கு அந்த வரிசை தலைகீழாக அமைந்தது: முதலில் செடி போனது, பிறகு பணம் வந்தது, நிலத்தின் மீதான உரிமைப் பேச்சு கடைசியில்தான் வந்தது. சிறுவனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையையும், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீதான சமூக உரிமையையும் பழங்குடிகளுக்கு ஏற்றுக்கொடுக்கும் வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. அகத்தியமலைச் சரிவில் அந்தக் காய் கைமாறி அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.