எச்சரிக்கை: வழுப்பதிவும் விக்கியும் ஒரே இடத்தில் தருவதாகச் சொன்ன சேவையிடம் 720 டாலர் இழந்தோம்

நேற்றிரவு வந்த கடைசி மின்னஞ்சலில் இரண்டே வரிகள் இருந்தன. செலுத்திய தொகையைத் திருப்பித் தர இயலாது என்பது முதல் வரி. எங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது என்பது இரண்டாவது. அதைப் படித்த கோபம் இன்னும் தணியாத நிலையில்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சேவையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. வழுப்பதிவு (நிரலில் காணும் பிழைகளைப் பதிந்து பின்தொடரும் இடம்), விக்கி (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் பக்கங்கள்), பணித்திட்டப் பலகை ஆகிய மூன்றையும் ஒரே இணையதளத்தில் மாதச் சந்தாவுக்குத் தருகிற, மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூலத் திட்டங்களுக்குச் சலுகை உண்டு என்று முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிற வகையைச் சேர்ந்தது அது என்று மட்டும் சொல்கிறேன். இத்தகைய கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பதிவின் முடிவில் எழுதுகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் ஒரு சிறிய நிரலகத்தை (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) நாங்கள் சிலர் ஊதியமின்றிப் பராமரித்து வருகிறோம். ஆறு ஆண்டுகளாக எங்கள் வழுப்பதிவுகளும் விக்கியும் ரெட்மைன் என்ற திறமூலக் கருவியில், தன்னார்வலர் ஒருவர் தம் செலவில் நடத்திய வழங்கியில் (சர்வரில்) இருந்தன. அங்கே சேர்ந்திருந்தவை 1,840 வழுப்பதிவுகள், 230 விக்கிப் பக்கங்கள். ரெட்மைனில் எங்களுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பதிப்பு மேம்பாட்டுக்கும் ஓர் இரவு செலவாகும். போலிக் கணக்குகள் விக்கியிலும் வழுப்பதிவிலும் விளம்பரங்களைக் கொட்டிவிட்டுப் போகும். அவற்றை அழிப்பதே ஒருவருக்கு வேலையாகிவிடும். இனித் தம்மால் முடியாது என்று அந்தத் தன்னார்வலர் சொன்னபோது அவரைக் குறைகூற எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

பக்ஸில்லா என்ற வழுப்பதிவுக் கருவியையும் மீடியாவிக்கி என்ற விக்கிக் கருவியையும் சேர்த்து நடத்தலாமா, இரண்டும் ஒன்றாக உள்ள டிராக்குக்கு மாறலாமா, நிரல் இருக்கும் இடத்திலேயே வழுப்பதிவையும் வைத்துக்கொள்ளலாமா என்று மூன்று வாரங்கள் பேசினோம். கடைசி வழியே போதும் என்று சக பராமரிப்பாளர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். விக்கிக்கு இன்னும் நல்ல வசதி வேண்டும் என்று அவரை மறுத்துப் பேசியவன் நான். அந்தச் சந்தாச் சேவையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவனும் நான்தான்.

அவர்களுடைய பிரதிநிதி ஒருவர் காணொளி அழைப்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எங்களோடு பேசினார். நான் மூன்றே கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். எங்கள் தரவு முழுவதையும் விரும்பும் நாளில் வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? கணக்குத் தொடங்காமலேயே எவரும் வழுப்பதிவுகளைப் படிக்க முடியுமா? பழைய பதிவுகளின் எண்கள் அப்படியே இருக்குமா? மூன்றுக்கும் அவர் தயங்காமல் ஆம் என்றார். “உங்கள் தரவு உங்களுடையது, நாங்கள் அதைக் காத்து வைப்பவர்கள் மட்டுமே” என்று சொல்லி, திரையில் ஏற்றுமதிப் பொத்தானையும் சுட்டிக் காட்டினார். பொத்தான் இருந்தது, அதை அவர் அழுத்தவில்லை, அழுத்திக் காட்டுங்கள் என்று நானும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டினால் சலுகை விலை என்றார். அன்று மாலையே 720 டாலரைச் செலுத்தினோம். எங்கள் நிரலகத்தைப் பயன்படுத்துவோர் ஐந்தும் பத்துமாக அனுப்பிய நன்கொடைதான் அந்த 720 டாலர். திட்டத்தின் கையிருப்பு முழுவதும் அவ்வளவே.

தரவை மாற்றும்போதே முதல் பொய் வெளிப்பட்டது. ரெட்மைனின் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றிடம் தரவு கேட்டுப் பெறும் வாயில்) வழியாகப் பதிவுகளை எடுத்து அங்கே ஏற்றும் நிரலை நாங்களே எழுதினோம். ஏற்றிய வரிசைப்படி அவர்களுடைய தளம் 1 முதல் புதிய எண்களைக் கொடுத்துக்கொண்டே போனது. விளம்பரப் பதிவுகளை அழித்ததால் எங்கள் எண்களில் இடையிடையே வெற்றிடங்கள் உண்டு. அதனால் பழைய 412 அங்கே 398 ஆயிற்று. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். “412-ஐத் தீர்க்கிறது” என்று கமிட் செய்தியில் (நிரலில் செய்த ஒரு மாற்றத்தோடு சேர்த்துப் பதியும் குறிப்பில்) எழுதியிருக்கும்போது, அந்த மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பதற்கு அந்த எண்ணைத் தவிர வேறு சான்று கிடையாது. நிரலின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் பழைய கமிட் செய்தியைத் திருத்தினால் அதன் அடையாளக் குறியீடும் அதற்குப் பின் வந்த எல்லாக் கமிட்டுகளின் குறியீடுகளும் மாறிவிடும் என்பதால் நிரலின் பக்கம் திருத்தவும் வழியில்லை. தொழில்நுட்பக் குழு இரண்டு வாரத்தில் சரிசெய்யும் என்றார் அந்தப் பிரதிநிதி. நம்பினோம். ஏழு மாதமாகியும் எவரும் அதைத் தொடவில்லை.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் “மேம்படுத்தப்பட்ட திட்டங்கள்” என்ற தலைப்பில் ஒரு மடல் வந்தது. வழுவைத் தெரிவிக்கக் கணக்குத் தொடங்கிய ஒவ்வொருவரும் இனிக் கட்டணப் பயனராகக் கணக்கிடப்படுவார். எங்கள் சலுகைத் திட்டத்தில் 10 பேருக்கே இடம். உள்நுழையாதோருக்குப் பொதுப் பார்வை கிடையாது. நிறுவனம் ஒன்றின் உள்அலுவலகத்துக்கு 10 பேர் போதுமானதாக இருக்கலாம். திறமூலத் திட்டத்தில் முன்பின் அறியாத ஒருவர் ஒரே ஒரு முறை வந்து, ஒரு வழுவைச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். எங்களிடம் அப்படி வந்தவர்கள் 300 பேருக்கு மேல். அவர்களுக்கெல்லாம் கட்டணம் செலுத்துங்கள், இல்லையேல் 30 நாளில் கணக்கு முடக்கப்படும் என்றது மடல். இரண்டு ஆண்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு எட்டாம் மாதத்தில் விதியை மாற்றுவதை வேறு எந்தப் பெயரிட்டு அழைப்பது?

அன்றுதான் முதன்முறையாக ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினேன். தலைப்பு, நிலை, தேதி என்று மூன்றே நெடுவரிசைகள் கொண்ட ஒரு சிஎஸ்வி கோப்பு (வெறும் உரையாக எழுதிய அட்டவணை) இறங்கியது. கருத்துரைகள் இல்லை. இணைப்புக் கோப்புகள் இல்லை. ஒரு வழு இன்னொன்றின் நகல் என்று குறித்து வைத்த தொடர்புகள் இல்லை. வழுப்பதிவின் உயிர் அதன் கருத்துரைகளில்தான் இருக்கிறது. எந்தக் கோப்பில், எந்தப் பதிப்பில், எந்தச் சூழலில் பிழை மீண்டும் தோன்றுகிறது என்று மூன்று பேர் மாறிமாறிச் சோதித்து எழுதிய விவரம் போய்விட்டால் எஞ்சுவது வெறும் தலைப்புப் பட்டியல். விக்கியை ஒவ்வொரு பக்கமாகப் பிடிஎஃப் ஆக மட்டுமே எடுக்க முடிந்தது; யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு அதில் கிடையாது. ஏபிஐ வழியாக எடுக்கலாமென்றால் அது இப்போது உயர்நிலைத் திட்டத்துக்கு மட்டும் என்றார்கள்.

அதன்பின் நடந்தது அலைக்கழிப்பு. முதல் மடலுக்கு உதவிப் பக்கத்தின் சுட்டி பதிலாக வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்ததும் அதே பொத்தான்தான். இரண்டாவது மடலைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். கணக்குப் பிரிவு தொழில்நுட்பப் பிரிவைக் கேட்கச் சொன்னது. காணொளியில் பேசிய பிரதிநிதி வேறு பொறுப்புக்குப் போய்விட்டாராம், அவர் வாய்மொழியாகச் சொன்னவை ஒப்பந்தத்தில் சேராதாம். நான்காவது மடலுக்கு ஐந்து நாள் பதிலே இல்லை. ஆறாம் நாள், எங்களிடமிருந்து மறுமொழி வராததால் கோரிக்கை தானாக மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மறுமொழி தரவேண்டியவர்கள் அவர்கள். மீதமுள்ள 16 மாதங்களுக்கான 480 டாலரையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு வந்ததுதான் நேற்றைய இரண்டு வரி. ஆக, 720 டாலரும் போயிற்று.

சேவைகள் மூடப்படுவதும் விதிகள் மாறுவதும் புதிதல்ல என்பதை அறிவேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் குழுவினர் தங்கள் நிரல் மாற்றங்களைப் பதியப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் 2005-இல் திரும்பப் பெறப்பட்டபோதுதான் கிட் பிறந்தது. திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாக இடம் தந்த கூகுள் கோட் சேவை மூடப்படுவதாக 2015 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அது முற்றாக நின்றது 2016 ஜனவரியில். இடைப்பட்ட பத்து மாதங்களில் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளக் கருவியும் தரப்பட்டது. காசு வாங்காத சேவை அவ்வளவு அவகாசம் கொடுத்தது. 720 டாலர் வாங்கியவர்கள் எங்களுக்குக் கொடுத்தது 30 நாள்.

தேர்வு செய்யும் முறையை விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு இப்போது பொழுதில்லை. சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் முன் பத்துப் போலிப் பதிவுகளை இணைப்புக் கோப்போடும் கருத்துரையோடும் ஏற்றி, அவற்றை வெளியே எடுத்து, வேறொரு கருவியில் மீண்டும் ஏற்றிப் பாருங்கள். வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம், மாதாமாதம் கட்டுங்கள். பழைய தரவுத்தளத்தின் நகலை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். ஆறாண்டுப் பதிவுகள் எங்களுக்கு மிஞ்சியது அந்தத் தன்னார்வலர் ஒரு நகலை வைத்திருந்ததால்தான். விக்கியை எளிய உரைக் கோப்புகளாக வைத்திருக்கும் டோக்குவிக்கி போன்றதையோ, கிட் களஞ்சியமாகவே நகலெடுத்துக்கொள்ளக் கூடிய விக்கியையோ பாருங்கள்.

கடந்த எட்டு மாதங்களில் புதிதாக வந்த 140 பதிவுகளுக்குத்தான் நகல் இல்லை. கணக்கு முடங்க இன்னும் 11 நாள் இருக்கிறது. நானும் இன்னொருவரும் ஒவ்வொரு பதிவாகத் திறந்து, கருத்துரைகளைக் கையால் நகலெடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்று காலை வரை 37 முடிந்திருக்கிறது.