மோட்டாரை மாற்றினால் குழாயில் ஃபோர்ஸ் வருமா? கிணறு, போர், பூஸ்டர் – எதற்கு எது

"ஏனுங்க, ஒண்ணரை எச்.பி. எறக்கியாச்சு, ஷவர்ல இன்னும் நூலாட்டத்தானுங்க வருது." கோவை, திருப்பூர் பக்கம் பம்ப்செட் கடைகளில் அடிக்கடி விழும் புகார் இது. மோட்டார் மேல் குற்றமில்லை. மொட்டைமாடியில் தொட்டி இருக்கும் வீட்டில் கிணற்று மோட்டாரின் வேலை தொட்டி நிரம்புவதோடு முடிந்தது. குழாயில் வரும் ஃபோர்ஸ் தொட்டியின் உயரத்தால் வருவது: 33 அடிக்கு 1 கிலோ பிரஷர். ஷவருக்கு 10 அடி மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 கிலோ. கீழே 5 எச்.பி. ஓடினாலும் அதே 0.3தான்.

அதனால் கடைக்குப் போகும் முன் 20 லிட்டர் பக்கெட் ஒன்றை எடுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் எத்தனை வினாடியில் நிறைகிறது, குளியலறைக் குழாயில் எத்தனை வினாடி என்று பாருங்கள். மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் நிறைந்தால் கோளாறு பைப்பில். அரை இஞ்ச் சிபிவிசி பைப்பில் நிமிடத்துக்கு 12 லிட்டர் போகும்போது 33 அடி நீளத்திலேயே சுமார் 10 அடி ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்) உராய்வில் போய்விடும். உங்களிடம் இருந்ததே அந்த 10 அடிதான்! அதே தூரத்துக்கு முக்கால் இஞ்ச் போட்டால் இழப்பு ஒன்றரை அடிதான். போர்த் தண்ணீரில் ஓடிய பழைய ஜி.ஐ. இரும்பு பைப்பை அறுத்துப் பார்த்தால் உப்பு படிந்து பென்சில் நுழையும் அளவுக்கே ஓட்டை இருக்கும். அங்கே எந்த மோட்டாரும் உதவாது.

பைப் சரியாக இருந்தும் ஃபோர்ஸ் போதவில்லை என்றால் பூஸ்டர். தொட்டியின் வெளிவழியில் அரை எச்.பி. பூஸ்டர் ஒன்று, குழாய் திறந்ததும் தானே ஓடி, ஒன்றரை இரண்டு கிலோ பிரஷர் தரும். கரண்ட் போனால் தண்ணீர் நிற்காமலிருக்க, பம்பைச் சுற்றி ஒரு பைபாஸ் லைனும் அதில் தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு ஒன்றும் கட்டாயம். சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ள வீடுகளில்தான் சிக்கல். டியூப் வைத்த சாதாரண சோலார் தொட்டி, காற்றுப்போக்கிக் குழாய் வழியாகத் திறந்தே இருக்கும், பிரஷர் தாங்காது. பூஸ்டரைப் பச்சைத்தண்ணி லைனுக்கு மட்டும் போட்டால், மிக்சரில் இரண்டு பக்கமும் திறந்திருக்கும்போது பச்சைத்தண்ணி வெந்நீர் லைனில் பின்னேறி, மாடியில் காற்றுப்போக்கி வழியாக ஊற்றும். வெந்நீர் லைனில் என்.ஆர்.வி. போட்டால் பின்னேறுவது நிற்கும். ஆனால் வெந்நீர் மெலிந்துதான் வரும். இரண்டும் சமமாக வர வேண்டுமானால், வெந்நீர் தாங்கும் பூஸ்டர் ஒன்று அந்த லைனுக்குத் தனியாக வேண்டும்.

தொட்டியே நிறையாமல் இழுத்தால்தான் மோட்டார் பேச்சு.

திறந்த கிணறு என்றால் போட்டி, மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே நிற்கும் மோனோபிளாக்கும், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளும். மோனோபிளாக் வெளியே இருப்பதால் பழுது பார்க்கச் சுலபம், எந்த ஊரிலும் காயில் கட்டித் தருவார்கள். ஆனால் உறிஞ்சும் உயரம் 20 அடியைத் தாண்டினால் தடுமாறும், 25 அடி எல்லை. பாறைக் கிணறுகளில் சித்திரையில் தண்ணீர் அறுபது எழுபது அடிக்குப் போய்விடும். அதனால்தான் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே திட்டில் இறக்கி வைக்கிற வழக்கம். ஐப்பசி மழையில் அது மூழ்கி காயில் போவதும் வழக்கம். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் ஒரு சருகு சிக்கினால் மறுபடி தண்ணீர் ஊற்றி ஏர் எடுக்க வேண்டும். ஓப்பன்வெல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, முழுதாக மூழ்கியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீர்மட்டம் ஏறி இறங்கும் நம் கிணறுகளுக்கு அதுவே மேல். மலிவாகக் கிடைக்கிறதென்று போர் சப்மெர்சிபிளைக் கிணற்றில் தொங்கவிடுவதானால், ஆறு இஞ்ச் பிவிசி பைப்பை உறைபோல மாட்டி, தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு மேலேறும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் சூடேறிக் கருகும்.

போரில் சப்மெர்சிபிளா, கம்ப்ரசரா? கம்ப்ரசர் மேலிருந்து காற்றை இறக்கித் தண்ணீரைத் தள்ளுவது, நகரும் பாகம் எதுவும் போருக்குள் இல்லை. மண்ணும் கல்தூளும் வரும் போருக்கும், சரிந்து மோட்டார் இறங்காத போருக்கும் அதுதான் கதி. ஆனால் அதே தண்ணீருக்குக் கூடுதல் யூனிட் ஓடும், தண்ணீர் விட்டுவிட்டு வரும், சில சமயம் ஆயில் வாடையும் சேரும். காற்றுக்குழாயின் பாதியாவது தண்ணீருக்குள் இருந்தால்தான் ஒழுங்காகத் தள்ளும். மட்டம் இறங்கினால் வெறும் காற்றுதான். மற்ற எல்லா போருக்கும் சப்மெர்சிபிள்.

அதில் எச்.பி.யைப் பார்த்து வாங்குவதுதான் பெரிய தவறு. கோடையில் ஓடும்போது நீர்மட்டம் 200 அடி, தொட்டி வரை 30, பைப் உராய்வு 15, ஆக 245 அடி, அதாவது 75 மீட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் வேண்டுமென்றால் 40-ஐ 75-ஆல் பெருக்கி 4500-ஆல் வகுத்தால் 0.67 எச்.பி. வரும். பம்பின் திறன் 45 சதவீதம் என்று வைத்தால் ஒன்றரை எச்.பி. ஆயிரம் லிட்டர் தொட்டி 25 நிமிடத்தில் நிறையும். கடையில் கேட்க வேண்டியது, "75 மீட்டர் ஹெட்டில் எத்தனை லிட்டர்?" என்பது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லிட்டர் குறைந்த ஹெட்டுக்கானது. ஒரே எச்.பி.யில் ஸ்டேஜ் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கர அடுக்கு) கூடினால் உயரம் கூடும், தண்ணீர் குறையும். 40 மீட்டர் போதும் என்ற போரில் 100 மீட்டர் பம்பை இறக்கினால் அதன் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளப் பார்த்து மோட்டார் ஓவர்லோட் ஆகும்.

உள்ளே ஆயில் நிரப்பிய மோட்டார் குடிதண்ணீர் போருக்கு வேண்டாம். சீல் போனால் ஆயில் தண்ணீரில்தான் கலக்கும். தண்ணீர் நிரப்பிய மோட்டாரை இறக்குமுன் நிரப்புத் துளையில் நல்ல தண்ணீர் முழுதாக ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். போரின் ஊற்று பம்பைவிடக் குறைவாக இருந்தால் தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் கட்அவுட் பேனலில் வேண்டும்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒன்றரை எச்.பி. சிங்கிள் பேஸ் 10 ஆம்பியர் இழுக்கும். 330 அடி கேபிளில் 2.5 சதுர மில்லி என்றால் 15 வோல்ட் வழியிலேயே போகும். 4 சதுர மில்லியில் 9 வோல்ட். சாயங்காலம் லைனில் 190 வோல்ட்தான் இருக்கும் தோட்டத்து வீட்டில் இந்த 6 வோல்ட்தான் மோட்டார் கிளம்புகிறதா, உறுமிக்கொண்டே நிற்கிறதா என்பதை முடிவு செய்யும்.