கால்குலேட்டரில் 7 மேலே, போனில் 1 மேலே

மளிகைக் கடை அண்ணாச்சி கண்ணை எடுக்காமல் கால்குலேட்டரைத் தட்டுவார். அதே கையால் போன் எண்ணை அழுத்தச் சொன்னால் தடுமாறுவார். தவறு அவருடையதல்ல. கால்குலேட்டரில் 7, 8, 9 மேல் வரிசை. போனில் 1, 2, 3. நடுவில் இருக்கும் 4, 5, 6 மட்டும் இரண்டிலும் இடம் மாறவில்லை.

கால்குலேட்டரின் வரிசைதான் மூத்தது. பழைய கணக்கு இயந்திரங்களில் 1 கீழேயும் 9 மேலேயும் இருந்தன. பத்துப் பொத்தான் இயந்திரங்கள் அந்த வழக்கத்தைத் தொடர, கால்குலேட்டரும் கணினி விசைப்பலகையின் எண் பகுதியும் அப்படியே வாங்கிக்கொண்டன.

போனின் கதை வேறு. சுழற்றும் டயலை விட்டுப் பொத்தானுக்கு மாற நினைத்த அமெரிக்காவின் பெல் ஆய்வகம், எண்களைப் பல விதமாக அடுக்கி, ஆட்களை அழுத்தவைத்துப் பார்த்தது. முடிவு 1960இல் வெளியானது. வேகத்திலும் பிழையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் 1 மேலே இருக்கும் அடுக்கையே தேர்ந்தெடுத்தார்கள். 1963இல் பொத்தான் போன் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. நட்சத்திரக் குறியும் # குறியும் பின்னால் வந்து சேர்ந்தவை.

புதிதாகப் பழகுபவருக்குப் போன் வரிசையே எளிது என்பேன். நாம் படிப்பது மேலிருந்து கீழேதானே! நாள் முழுக்கக் கூட்டிக் கழிப்பவரோ கால்குலேட்டரை விடமாட்டார். ஏடிஎம் இயந்திரம் போன் பக்கம் சேர்ந்துகொண்டது. வங்கி ஊழியருக்கு மேசையில் ஒரு வரிசை, வாசலில் இன்னொன்று.