ஐந்தாறு வருடம் ஓடிய டெஸ்க்டாப்: எது தேய்கிறது, எது தாங்குகிறது

தினமும் ஓடிய டெஸ்க்டாப் மந்தமானால் முதல் பழி பிராசசர் மேல்தான் விழும். பாவம், பெட்டிக்குள் அநேகமாகக் கடைசியாகக் கெடுவது அதுதான். அது சும்மா காத்திருக்கும். தகவல்தான் வந்து சேராது.

கேட்ட தகவல் ராமில் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இருந்தால் சுமார் 100 நானோ நொடியில் கிடைத்துவிடும். ஹார்ட் டிஸ்கில் இருந்தாலோ ஊசி நகர்ந்து, தட்டு சுழன்று வர 10 மில்லி நொடி வரை பிடிக்கும். ஒரு லட்சம் மடங்கு தாமதம்! 8 ஜிபி ராம் நிரம்பி, விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுத ஆரம்பித்ததும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள்: டிஸ்க் 100 சதவீதத்தில் திணறும், பிராசசர் அநேகமாகச் சும்மா இருக்கும். இந்த நிலையில் புது பிராசசர் வாங்குவது வீண் செலவு. ராமைக் கூட்டி, சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சாட்டா கேபிளில் இணையும் டிஸ்க்) ஒன்றைப் போட்டாலே போதும். அதையும் முட்ட நிரப்பாமல் 15 சதவீதமாவது காலியாக விடுங்கள். பழையதை அழித்த பிறகுதான் எஸ்எஸ்டியால் புதிதாக எழுத முடியும். காலி இடம் குறைந்தால் எழுதும் வேகம் படுத்துவிடும்.

ராம் வாங்கினால் ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி நல்லது. நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ல் செருகுவதே பெரும்பாலான மதர்போர்டுகளில் சரி. இரண்டு வழியாகத் தகவல் போவதால், டிடிஆர்4 வகை, 3200 வேக ராமின் வேகம் நொடிக்கு 25.6 ஜிபியிலிருந்து 51.2 ஆகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி என்ற, ராமை முழு வேகத்தில் ஓட்டும் வசதியை ஆன் செய்யாவிட்டால் பல 3200 ராம்கள் 2133-லோ 2666-லோதான் ஓடும். வருடக்கணக்கில் இதைக் கவனிக்காமலே விடுபவர்கள் ஏராளம்.

மூன்று நான்கு வருடத்தில் பிராசசரின் சூட்டை அதன் மேலுள்ள ஹீட் சிங்க்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டி) கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிடுகிறது. அறிகுறி: கனமான வேலை தொடங்கிய சில நிமிடத்தில் ஃபேன் இரைச்சல், வெப்பம் 95 டிகிரி, உடனே வேகம் சரிவு. மாற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் கேபிளை உருவுங்கள். ஹீட் சிங்க்கை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகிய பிறகே தூக்க வேண்டும். நேராக இழுத்தால், ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட்டில் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வையுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

தேதி பின்னோக்கிப் போய், எந்த இணையதளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் நெட்டைத் திட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும்.

கேம் ஓடும்போது மட்டும், நீலத்திரைகூட வராமல் பட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. பவர் சப்ளையைத் திறந்து பார்க்காதீர்கள். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். புதியது வாங்கினால் கேபிளையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய மாடுலர் கேபிள் (கழற்றி மாட்டும் வகை) கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அதிலுள்ள பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாய்ந்து, டிஸ்க் அந்த நொடியே கருகிவிடும்.