"ஸ்டேஷன் ஒரிஜினல் ரீல்" என்று நம்பி 48,500 ரூபாய் போனது: பழைய வானொலிக் கச்சேரிப் பதிவு வாங்குபவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய ராக், ப்ளூஸ், ரெக்கே கச்சேரிகளின் வானொலி நேரலைப் பதிவுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் தமிழில் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரில் இன்னொருவர் இதே ஆளிடம் மாட்டக்கூடாது. போனது 48,500 ரூபாய். திரும்பி வரும் என்ற நம்பிக்கை இன்றோடு போய்விட்டது.

பழைய டேப், இசைத்தட்டு ஏலம் விடும் வெளிநாட்டு இணையதளம் ஒன்று. அதில் கடை போட்டிருக்கும் ஓர் ஆள். புகார் இன்னும் கிடப்பில் இருப்பதால் இரண்டின் பெயரையும் எழுதவில்லை.

விற்றது என்ன? நான்கு ரீல், அதாவது டேப் சுருள். 1971 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க் ஏ அண்ட் ஆர் ஸ்டூடியோவில் ஆல்மன் பிரதர்ஸ் குழு வாசித்து டபிள்யூ.பி.எல்.ஜே. வானொலி நிலையம் நேரடியாக ஒலிபரப்பியது. 1973 அக்டோபர் 31, சாசலிட்டோ ரெக்கார்ட் பிளாண்டில் பாப் மார்லியும் வெய்லர்ஸும், கே.எஸ்.ஏ.என். ஒலிபரப்பு. 1974 செப்டம்பர் 19, லாங் ஐலண்ட் அல்ட்ராசோனிக் ஸ்டூடியோவில் லிட்டில் ஃபீட், டபிள்யூ.எல்.ஐ.ஆர். நான்காவது, 1978 ஆகஸ்ட் 9, ஓஹையோ மாநிலம் க்ளீவ்லாண்டின் அகோரா அரங்கில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன், டபிள்யூ.எம்.எம்.எஸ். நிலையத்தின் பத்தாம் ஆண்டு விழாக் கச்சேரி. நான்கும் "ப்ரீ-எஃப்.எம். மாஸ்டர்" என்று விளம்பரம். மாஸ்டர் என்றால் நகல் அல்லாத மூலப் பதிவு. கூடவே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் மாற்றிய கோப்புகள் ஒரு பென் டிரைவில்.

ப்ரீ-எஃப்.எம். என்றால், மிக்ஸிங் மேசையிலிருந்து வரும் ஒலி டிரான்ஸ்மிட்டருக்குள் போவதற்கு முன்பே டேப்பில் இறங்கியது. அதற்குத்தான் மதிப்பு. காற்றில் போய்விட்டால் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுப்படும், ஒலி உச்சத்தை அடக்கும் நிலைய லிமிட்டர் டிரம்ஸை நசுக்கிவிடும், கேட்பவர் வீட்டு ஆன்டெனாவின் இரைச்சலும் ஏறிக்கொள்ளும். இதே நான்கு கச்சேரியும் காற்றில் பிடித்த நகலாகச் சேகரிப்பாளர்களிடம் ஏற்கெனவே சுற்றுகின்றன. அதற்கு யாரும் ஐந்து காசு கேட்பதில்லை. 48,500 ரூபாய் போனது "ப்ரீ" என்ற அந்த ஒரு சொல்லுக்கு.

நம்பியது எந்த இடத்தில் என்று சொல்கிறேன், அங்கேதான் எல்லாரும் விழுவார்கள். நிலையம் கைமாறியது, கிடங்கைக் காலி செய்தார்கள், குப்பைக்குப் போக இருந்ததைப் பழைய பொறியாளர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போனார், இப்போது அவர் குடும்பம் விற்கிறது. இதுதான் கதை. இது நடக்காத விஷயம் இல்லை. அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1951-இல் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்துக்காகப் பாடிய காலை நிகழ்ச்சித் தட்டுகள் குப்பையிலிருந்து காப்பாற்றப்பட்டவைதான். உண்மையில் நடந்த ஒன்றை அச்சாக வைத்துப் பொய்யை வார்த்திருக்கிறான்.

அடுத்து அவன் அனுப்பிய மாதிரி ஒலித்துண்டு. ஆல்மன் பிரதர்ஸ் கச்சேரியிலிருந்து 40 வினாடி. கச்சேரி நடந்தபோது சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸ் கொலையாகி 13 நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு அஞ்சலியாகக் குழுவின் டுவேன் ஆல்மன் கிதாரில் இழைக்கும் பகுதி. இரண்டு மாதத்தில் டுவேனும் போய்விட்டார் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் துண்டு எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒலி அவ்வளவு சுத்தம். டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தைத் தட்டுவது பக்கத்து அறையில் கேட்பது போல இருந்தது. வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த 40 வினாடி அது.

"தளத்தின் வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள், நேரடியாக அனுப்பினால் பார்சல் செலவை நானே ஏற்கிறேன்" என்றான். அனுப்பியாயிற்று. அதுவும் நண்பருக்கு அனுப்பும் வகையில். 48,500 ரூபாய்.

பார்சலைப் பிரித்ததுமே முதல் அடி. படத்தில் அடுக்கி வைத்திருந்தது 10½ அங்குலப் பெட்டிகள், வந்தது 7 அங்குல ரீல்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நிலையத்தில் பதிவு செய்தால் அரை ட்ராக்கில் (டேப்பின் அகலத்தில் இரண்டு பாதை), ஒரே திசையில், வினாடிக்கு 15 அங்குலம் அல்லது 7½ அங்குல வேகத்தில் ஓட்டுவார்கள். 2,500 அடி கொண்ட 10½ அங்குல ரீல் 7½ வேகத்தில் 66 நிமிடம், 15-இல் 33 நிமிடம். அகோரா கச்சேரி ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதற்கு மட்டுமே பெரிய ரீல் மூன்று வேண்டும். இவன் நான்கு கச்சேரியை நான்கு ரீலில் விற்றிருக்கிறான். விளம்பரத்திலேயே பொய் எழுதி ஒட்டியிருந்தது. பணம் அனுப்புவதற்கு முன் போட வேண்டிய கணக்கு இது.

அரை ட்ராக் டெக்கில் அகோரா ரீலை ஏற்றி ஓட்டியபோது முதல் பாட்டுக்கு அடியில் இன்னொரு ஒலி. சாக்ஸபோன் தலைகீழாக ஊதுகிறது. ஒவ்வொரு சுரமும் மெல்லத் தொடங்கி, வீங்கி, சட்டென்று அறுந்து நிற்கிறது. கைத்தட்டல் உள்ளே உறிஞ்சப்படுவது போலக் கேட்கிறது. கால் ட்ராக் டேப்பை (அகலத்தில் நான்கு பாதை) அரை ட்ராக் ஹெட்டில், அதாவது டேப்பைப் படிக்கும் பாகத்தில், ஓட்டினால் இப்படித்தான் ஆகும். கால் ட்ராக்கில் 1, 3 ஒரு திசை; 2, 4 எதிர்த் திசை. அரை ட்ராக் ஹெட் அகலமானது, 1-ஐயும் 2-ஐயும் சேர்த்தே படிக்கும். அதாவது ரீலின் இரண்டு பக்கத்திலும் பதிவு இருக்கிறது. வேகத்தை 3¾-க்கு இறக்கினால்தான் பாட்டு சரியான சுருதியில் வந்தது. 1,800 அடி டேப், 3¾ வேகம், பக்கத்துக்கு 96 நிமிடம், இரண்டு பக்கம் சேர்த்து மூன்று மணி 12 நிமிடம். முழு அகோரா கச்சேரியும் ஒரே ரீலில் கச்சிதமாக அடங்கும். வீட்டில் ரேடியோவோடு டெக்கை இணைத்து டேப் மிச்சம் பிடித்தவர் செய்த பதிவு. அவர் மேல் ஒரு குறையும் இல்லை, அப்படிப் பிடித்தவர்கள் இல்லையென்றால் பல கச்சேரிகள் நமக்கு மிஞ்சியே இருக்காது. அதை மாஸ்டர் என்று விற்றவன்தான் திருடன்.

கோப்புகள் இன்னும் மோசம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால் போதும், காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 48 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கும். நல்ல டேப்பிலிருந்து வந்தால் மேலே போகப் போக ஒலி மங்கி, டேப்பின் சன்னமான இரைச்சல் தூசி போலப் பரவியிருக்கும். வெய்லர்ஸ் கோப்பில் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல ஒரே கோடு, அதற்கு மேல் கரும் இருட்டு. 128 கே எம்.பி.3-யை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறான்.

லிட்டில் ஃபீட் கோப்பை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். 19 கிலோஹெர்ட்ஸில் நூல் போல ஒரு கோடு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. பாட்டு நின்றாலும் அது நிற்கவில்லை, கைத்தட்டலிலும் இருக்கிறது, அறிவிப்பாளர் பேசும்போதும் இருக்கிறது. அதுதான் எஃப்.எம். ஸ்டீரியோவின் பைலட் டோன். ஒலிபரப்பு ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்வதற்காக, நிலையத்தில் கடைசிக் கட்டத்தில், டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் சேர்க்கும் சமிக்ஞை. மிக்ஸிங் மேசையில் அது கிடையவே கிடையாது. அந்தக் கோடு இருந்தால் பதிவு காற்றில் பிடித்தது, வேறு பேச்சே இல்லை. கோடு இல்லையென்றால் மட்டும் ப்ரீ-எஃப்.எம். என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல ட்யூனர்களிலும் கேசட் டெக்குகளிலும் அதை வடிகட்டும் எம்.பி.எக்ஸ். ஃபில்டர் உண்டு. இன்னொன்று, 3¾ வேகத்தில் ஓடும் வீட்டு ரீலில் 19 கிலோஹெர்ட்ஸ் இவ்வளவு தெளிவாகத் தங்காது. ஆகவே இந்தக் கோப்பு இந்த ரீலிலிருந்தும் வரவில்லை. ரீல் ஒரு பொய், கோப்பு வேறொரு பொய்.

அகோரா கோப்பில் பாட்டுக்கு இடையே மௌனமான இடத்தில் அடிச் சுருதியைப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸில் ஹம், அதாவது மின்சாரத்தின் முனகல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். "ஓஹையோ கிடங்கைவிட்டு வெளியே போகாத டேப்" என்று எழுதியிருந்தான். 50 ஹெர்ட்ஸ் ஹம் ஓஹையோவில் ஏறாது. நகலெடுத்த சங்கிலியில் எங்கோ ஐரோப்பா மாதிரி ஓர் இடத்து டெக் இருந்திருக்கிறது. (பென் டிரைவிலிருந்து நேரே திறந்த கோப்பு, நம் வீட்டு மின்சாரத்தின் மேல் பழி போட முடியாது.)

கடைசியில் ஆல்மன் பிரதர்ஸ், அந்த அருமையான 40 வினாடி. அந்தக் கச்சேரி 2016-இல் அதிகாரபூர்வமாகவே வெளிவந்துவிட்டது. அந்த சி.டி.யையும் இவன் கோப்பையும் ஒரே சாம்பிள் வேகத்துக்குக் கொண்டுவந்து, டிரம்ஸின் முதல் அடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒன்றை மட்டும் இன்வெர்ட் செய்து (ஒலி அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் கலந்தால், ஏறக்குறைய முழு அமைதி. டேப்பை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு தடவையும் வேகம் துளி மாறும், அதனால் இரண்டு டேப் மாற்றங்கள் ஒன்றையொன்று இப்படி முழுசாக அழிக்கவே அழிக்காது. இது அதே சி.டி. கடையில் வாங்கக் கூடிய சி.டி.யைத்தான் ரகசியப் புதையல் என்று காட்டி 48,500 ரூபாயைக் கறந்திருக்கிறான்.

ரீலோடு ஒரு க்யூ ஷீட்டும் (நிகழ்ச்சி நேரக் குறிப்புத் தாள்) வந்தது, விளம்பர இடைவேளை நேரங்களோடு. பல நிலையங்களுக்குத் தட்டாகவோ ரீலாகவோ அனுப்பும் நிகழ்ச்சிக்குத்தான் அந்தத் தாள் தேவை. கிங் பிஸ்கட் ஃபிளவர் ஹவர் மாதிரி நிகழ்ச்சிகளுக்கு உண்டு. ஸ்டூடியோவிலிருந்து ஒரே நிலையம் அன்றிரவே நேரடியாகப் போட்ட கச்சேரிக்கு எதற்கு?

இத்தனையும் படம் பிடித்து அனுப்பினால் வந்த பதில்கள்: "ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள்." அடுத்தது "பழைய டேப் அப்படித்தான் இருக்கும்." அதற்கடுத்தது "உங்கள் டெக் சரியில்லை." பைலட் டோன் பற்றிக் கேட்டதற்கு நான்கு நாள் மௌனம். பிறகு "டேப்பை ஓவனில் எட்டு மணி நேரம் வையுங்கள், சரியாகிவிடும்" என்றான்.

இதை யாரும் செய்துவிடாதீர்கள். சூடு காட்டுவது, காந்தத் துகளை ஒட்டிவைக்கும் பைண்டர் ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப் போன டேப்புக்கு மட்டும். ஆம்பெக்ஸ் 406, 456 போல முதுகில் பூச்சு உள்ள பாலியெஸ்டர் வகைகளுக்கு, 54 டிகிரி செல்சியஸ் அளவில், சூடு ஏறாமல் இறங்காமல் நிற்கும் கருவியில் செய்வது. சமையல் ஓவனில் இல்லை. வந்த நான்கில் இரண்டு ரீலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுற்றின் ஊடே ஒளி தெரிகிறது. அது அசிடேட், பாலியெஸ்டருக்கு முந்தைய டேப் வகை. அசிடேட்டைச் சூடாக்கினால் சுருங்கி நெளிந்து ஒழியும். ஒழிந்தால் சாட்சியமும் சேர்ந்து ஒழியும், அதற்குத்தான் சொன்னான் என்றே நினைக்கிறேன்.

தளத்தின் உதவிப் பிரிவு ஒரே வரியில் முடித்தது: "பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, எனவே தலையிட இயலாது." அந்த ஆளின் கடை மட்டும் அவர்கள் தளத்தில் இன்றும் திறந்திருக்கிறது. அதே பெட்டிகளின் படம், வேறு கச்சேரிகளின் பெயர். பணம் அனுப்பும் சேவையைக் கேட்டால், "நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய தொகை, நண்பருக்கு அனுப்பும் வகையில் போனதற்குப் பாதுகாப்பு கிடையாது." கடைசியாக விற்றவனிடம் திருப்பி எடுத்துக்கொள் என்றேன். "சீல் உடைத்துவிட்டீர்கள்." சீலை உடைக்காமல் ரீலை எப்படி ஓட்டுவது? அதற்குப் பதில் இல்லை. 48,500 ரூபாய்க்கும் இல்லை.

விரிவாகப் பட்டியல் போட இப்போது பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும்:

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்துத் தந்தாலும்.

ரீலின் அளவு, வேகம், எத்தனை ட்ராக் என்று எழுத்தில் கேளுங்கள். கச்சேரி நீளத்தோடு கணக்குப் போடுங்கள்.

மாதிரித் துண்டை விற்பவன் தேர்ந்தெடுக்கக் கூடாது. "மூன்றாவது பாட்டு முடிந்து வரும் கைத்தட்டல் ஒரு நிமிடம் அனுப்பு" என்று நீங்கள் கேளுங்கள். அதிகாரபூர்வ வெளியீடு இருந்தால் அதோடு பொருத்திப் பாருங்கள்.

பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

அந்த 7 அங்குல ரீல்களின் படங்களை இரவு போடுகிறேன். பெட்டியின் முதுகில் பச்சை மையில் எழுதிய தேதி இருக்கும், அதே கையெழுத்து வேறு விளம்பரத்தில் கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள்.