வான்தொலைவு சொல்லும் இணையச் சேவை: காரைக்குடிப் பயணிக்கு எவ்வளவு பயன்?

இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால் அவற்றுக்கிடையேயான தொலைவையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் இணையச் சேவை ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாள்கணக்கில் பயணம் செய்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். ஆகவே இத்தகைய சேவை செட்டிநாட்டில் பலருக்கும் தேவைப்படுவதே.

தொலைவைப் பொறுத்தவரை இதனை முழுமையாக நம்பலாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர், கோலாலம்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர், சென்னையிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர் என்று அது தரும் அளவுகள், அட்சக்கோடுகளையும் தீர்க்கக்கோடுகளையும் கொண்டு நான் போட்டுப் பார்த்த கணக்கோடு ஒத்துப்போகின்றன. தட்டையான வரைபடத்தில் கோடிழுத்து அளக்காமல், உருண்டையான பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வளைகோட்டை அளப்பதே இதற்குக் காரணம்.

நேரக் கணக்கில்தான் குறை தொடங்குகிறது. தொலைவை ஒரே வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டிச் சொல்லிவிடுகிறது. சிங்கப்பூருக்கு இது நான்கு மணி நேரத்தை ஒட்டி வருவதால் பெரிய பிழை இல்லை. ஆனால் லண்டன் போன்ற நெடுந்தொலைவுக்கு, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் உயர்வான் காற்றை எதிர்த்துச் செல்லும் பயணம் திரும்பும் பயணத்தைவிட நீளும் என்பதை இச்சேவை கருதுவதே இல்லை. இரு திசைக்கும் ஒரே நேரத்தைக் காட்டுகிறது. வான்வெளித் தடைகளும் கணக்கில் வருவதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பா சென்ற இந்திய விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது. இச்சேவை காட்டும் தொலைவு மாறாமலிருக்க, உண்மையான பயண நேரம் கூடியது.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. திருச்சி–லண்டன் என்று கேட்டால், நேரடி விமானமே இல்லாத அந்த வழிக்கும் 8,320 கிலோமீட்டர், பத்தரை மணி நேரம் என்று தயங்காமல் விடை வருகிறது. சென்னையிலோ வளைகுடா நகரம் ஒன்றிலோ இறங்கி மாற வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. மகளைப் பார்க்கத் தனியே புறப்படும் வயதான ஆச்சி ஒருவர் இந்த எண்ணை நம்பி மருந்தும் உணவும் திட்டமிட்டால், அவர் படும் சிரமம் சிறியதாக இராது.

இறங்கும் ஊரின் உள்ளூர் நேரத்தையும் இச்சேவை காட்டுவதில்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. லண்டன் கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பிந்தியது. அழைத்துச் செல்ல வருபவருக்குச் சொல்ல வேண்டியது இந்த நேரத்தைத்தான். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரச் சாலைப் பயணம், பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்லும் வழக்கம் ஆகியவற்றைச் சேர்த்தால், நான்கு மணி நேரச் சிங்கப்பூர்ப் பயணம் வீட்டு வாசலிலிருந்து ஒன்பது மணி நேரமாகிறது.

தொலைவை அறிய விரும்பும் மாணவர்க்கும் ஆர்வலர்க்கும் இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பயணச்சீட்டு எடுப்பவர்கள் விமான நிறுவனத்தின் கால அட்டவணையையே பார்க்கட்டும்.