திம்பம் ஏற ஜிஎஸ், பர்கூர் மண்ணுக்கு ஆப்பிரிக்கா ட்வின்

சேலம்–கோவை நான்குவழிச் சாலையில் நாள் முழுக்க ஓட்ட பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் பைக்தான். இருபுறமும் சிலிண்டர் படுக்கையாக நீட்டியிருக்கும் பாக்ஸர் இன்ஜினின் எடை தாழ்வாக இருப்பதால் திம்பம் மலைச்சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுலபமாகச் சாயும். பின்சக்கரத்தைச் சுழற்ற செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு. எண்ணெய் விடும் வேலையில்லை.

சரி, பர்கூர் மலையூர்களில் தார் முடிந்து கல்லும் மண்ணும் வந்தால்? அங்கே ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின். அதன் 21 அங்குல முன்சக்கரம் கல்லின்மேல் ஏறிப்போகும். ஜிஎஸ்ஸின் 19 அங்குலம் முட்டிக்கொண்டு நிற்கும். கீழே விழுந்தாலும் ஜிஎஸ்ஸில் வெளியே நீட்டியிருக்கும் சிலிண்டருக்குத்தான் முதல் அடி. ஆனால் கவனியுங்கள்: 2024 முதல் ஆப்பிரிக்கா ட்வின் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் வகைக்கும் 19தான். மண்ணுக்கென்றே வாங்குகிறவர் அதை எடுக்க வேண்டாம். டிசிடி எனும் தானியங்கி கியரும் வேண்டாம், எடை கூடும். கையால் கிளட்ச் பிடிக்கும் சாதா கியரே போதும்.